பதிவேடும் அறையும்

சித்தூரில் என் தமக்கையார் இல்லத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணம் நடைபெற்றது. முதல் நாள் இரவு, காமிராவில் இடம் போதவில்லை என்று வீட்டுப் பையன் ஒருவன் பழைய மெமரி கார்டு ஒன்றைத் தேடி எடுத்து, அதில் இருந்தவற்றையெல்லாம் அழித்துவிட்டுச் சில படங்களும் எடுத்துவிட்டான். மறைந்த எங்கள் தந்தையார் பேரக் குழந்தைகளுக்குக் கதை சொன்ன குரற்பதிவு அதில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. செய்தி அறிந்த தமக்கையார் வாய்விட்டு அழுதார்.

அழித்தது உண்மையில் அழிந்துவிட்டதா? இதனை அறியத் திருப்பதி ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள விஷ்ணு நிவாசத்தைப் போன்ற பெரிய தங்குமிடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடும்பம் ஒன்று வந்து ஆறு அறைகள் கேட்கிறது. அலுவலர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பதில்லை. எவை காலி என்பதைப் பதிவேட்டில் பார்க்கிறார். அடுத்தடுத்து ஆறு அறைகள் இல்லையெனில், மாடிக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எண்களைக் குறித்துக்கொள்கிறார்.

கணினியின் வட்டும் இவ்வாறே சிறு சிறு அறைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறைக்கு 4,096 பைட் என்பது இன்று பொதுவாக வழங்கும் அளவு. பெரிய கோப்பு பல அறைகளில் தங்கும். அவை அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தோன்றிய யூனிக்ஸ் முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்னும் குறிப்புச் சீட்டு உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், அறைகளின் இருப்பிடம் ஆகியவை அதில் இருக்கும். பெயர் மட்டும் இராது. பெயரையும் சீட்டின் எண்ணையும் இணைத்துக் காட்டுவது வேறொரு பட்டியல். மெமரி கார்டுகளில் பெரிதும் வழங்கிவந்த 'ஃபாட்' முறையிலோ, பெயர்ப்பட்டியல் முதல் அறையை மட்டும் சொல்லும். அடுத்த அறை எது, அதற்கடுத்தது எது என்பதை ஓர் அட்டவணை சங்கிலிபோல் சொல்லிக்கொண்டு போகும்.

இம்முறையில் ஒரு கோப்பை அழித்தால், பெயரின் முதலெழுத்து மாற்றப்படுகிறது. அட்டவணையில் அதன் அறைகள் காலி எனக் குறிக்கப்படுகின்றன. அறைக்குள் எவரும் நுழைவதில்லை. பதிவேட்டில் பெயரை அடித்தாயிற்று. பெட்டி படுக்கைகள் அறையிலேயே கிடக்கின்றன. அடுத்த யாத்ரிகர் வந்து குடிபுகும்போதுதான் அவை போகும்.

திருமணத்திற்கு வந்திருந்த பொறியாளர் ஒருவர், "இனி இந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள்" என்று தடுத்தார். பிறகு மீட்பு மென்பொருள் ஒன்றைக் கொண்டு தேடினார். சங்கிலி அறுந்திருந்தது, ஆயினும் பதிவு பெரும்பாலும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தமையால் தந்தையாரின் குரல் மீண்டது. பையன் எடுத்த படங்கள் குடியேறிய இடத்தில் கதையின் கடைசிப் பகுதி மட்டும் போய்விட்டது. நல்ல வேளையாக, அதன் முடிவு பேரக் குழந்தைகளுக்கு மனப்பாடம்.

இன்றைய எஸ்.எஸ்.டி. வட்டுகளிலும் கைபேசிகளிலும் இந்த நம்பிக்கை குறைவு. காலியான அறைகளை விரைவிலேயே துப்புரவு செய்யும் ஏற்பாடு அவற்றில் உண்டு. சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்குப் பெற்றோரின் குரலும் முகமும் இத்தகைய சிறு கருவிகளில்தான் இருக்கின்றன. தவறி அழித்துவிட்டால் அக்கருவியில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். அதற்கு முன்பே, இன்றே, வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.