கால் போத்தலும் கஞ்சிப் பானையும்

(தோட்டமொன்றில் நடந்த சங்கக் கூட்டத்தில், கல்முனைக் கரையோரத் தொழிலாளர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் இருந்து வந்திருக்கிறோம். எங்களில் வட்டையில் வேளாண்மை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கரைவலை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குடியைப் பற்றிப் பேசச் சங்கம் கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினோம். முஸ்லிம் ஊர்க்காரர் மார்க்கப் பிரசங்கம் செய்ய வந்துவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே! எங்கள் பக்கத்திலும் குடிக்கிறவன் இருக்கிறான். ஒளித்துக் குடிக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் பேச வந்தது பாடுபடுகிற உடம்பைப் பற்றி.

"இந்தக் குளிருக்கும் மழைக்கும் ஒரு கால் போடாவிட்டால் உடம்பு தாங்காது" என்று இங்கே பலர் சொல்லக் கேட்டோம். குடித்ததும் சூடு ஏறுவது போல இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூடு எங்கே இருந்து வருகிறது? மதுசாரம் தோலுக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்களை விரித்துவிடும். உள்ளே நெஞ்சையும் குடலையும் காக்க வேண்டிய சூடு தோலுக்கு வந்து காற்றோடு போய்விடும். தோல் சுடும், உள்ளுடம்பு குளிரும். நனைந்த உடம்போடு குடித்துவிட்டு லயத்து வாசலில் விழுந்து கிடக்கிறவனுக்கு ஆபத்து வருவது இப்படித்தான்.

அடுத்தது, "அலுப்புக்குக் குடிக்கிறேன், காலையில் தெம்பாக எழும்பலாம்" என்ற பேச்சு. ஒரு கணக்குப் பார்ப்போம். கால் போத்தல் என்பது 180 மில்லிலீட்டர். சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். அப்படியானால் ஏறக்குறைய 47 கிராம். ஈரல் ஒரு மணித்தியாலத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தால் விடியப்புறம் இரண்டு, நான்கு மணி வரை ஈரல் அதே வேலையில் நிற்கிறது. அந்த நேரத்தில் இரத்தத்துக்குச் சீனி விடுகிற தன் வழமையான வேலையை அது ஒழுங்காகச் செய்யாது. மூளை சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்வதும் நின்றுபோகிறது. குடித்ததை விடக் கூடுதலாகத் தண்ணீர் வெளியேறும். தூக்கமும் அரைகுறை. காலையில் பெரட்டுக்கு வரும்போது கை நடுங்குவதும் நாக்கு வறளுவதும் இதனால்தான். அந்த நடுக்கத்தை நிறுத்த இன்னொரு கால் போடுகிறவன் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கிறான் என்பதையும் யோசியுங்கள்.

காசைப் பற்றி நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாட்சம்பளத்தை 1000 ரூபாவுக்குக் கொண்டுவர 2021 வரையும், 1350 ரூபாவுக்குக் கொண்டுவர 2024 செப்டெம்பர் வரையும் போராடினீர்கள். அந்த 1350 ரூபாவில் ஒரு முழுப் போத்தல் வாங்க இரண்டு நாள் சம்பளம் போதவில்லை. எங்கள் அம்பாறை மாவட்டத்தின் ஹிங்குரானையில் கரும்புச் சீனி போக மிஞ்சுகிற கழிவுப்பாகில் இருந்தும் மதுசாரம் வடிக்கிறார்கள். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கிற பாகு அது! போத்தலில் ஏறியதும் அதன் விலையைப் பாருங்கள்.

கசிப்பைப் பற்றி ஒரே சொல். அதில் மெத்தனோல் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். பார்த்தோ மணந்தோ கண்டுபிடிக்க முடியாது.

சரி, குடிக்காமல் எதைக் குடிப்பது? வெயிலில் வேளாண்மை வெட்டுகிறவர்களுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் கட்டிக் கொடுப்பது பழஞ்சோற்றுத் தண்ணீர். இரவு ஊறிய சோறு, உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கிடைத்தால் எருமைத் தயிர். வயிற்றோட்டத்துக்கு ஆஸ்பத்திரியில் தருகிற ஜீவனியில் இருப்பதும் தண்ணீர், உப்பு, இனிப்புத்தானே. 2025இல் நோன்பு மார்ச் மாதம் வந்தது. பகல் முழுக்கத் தண்ணீர் கூட இல்லாமல் இருந்துவிட்டு மஃரிபுக்கு நாங்கள் தேடியது நோன்புக் கஞ்சியை. அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், கொஞ்சம் இறைச்சி. ஒரு கோப்பை உள்ளே போனதும் கண் திறக்கும்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது இலைக்கஞ்சி. சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரை அல்லது முருங்கை இலையை அரைத்துப் பிழிந்த சாற்றையும் தேங்காய்ப்பாலையும் கடைசியில் விட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள். குடிக்கும்போது தேசிக்காய் பிழியுங்கள். இலையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள அது உதவும். வல்லாரை உங்கள் கான் ஓரத்திலேயே முளைக்கிறது. ஆனால் களைநாசினி அடித்த மலையில் பறிக்காதீர்கள், தயவுசெய்து. பிறஷர் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைக்காரர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அதன் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கொழுந்து எடுக்கிற அக்காமார், அதிலும் பிள்ளைத்தாய்ச்சிகள், இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கடையில் விற்கிற 'எனர்ஜி' தண்ணீரில் இருப்பது சீனியும் கஃபீனும். அதற்குக் காசு கொட்ட வேண்டாம்.

இன்னும் இரண்டு விசயம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம். போத்தல் வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள். மற்றது, வருடக்கணக்காகத் தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம். அறையில் போட்டுப் பூட்டி வைக்கிற வேலை வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள். பேசி ஆலோசனை கேட்கத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. நிறுத்தப் பார்க்கிற மனுசனைப் பெரட்டில் வைத்துக் கேலி பண்ணுகிறவர்களைச் சங்கத் தலைவர்மார் அங்கேயே கண்டிக்க வேண்டும்.

பின்னால் பிள்ளைக் காம்பராப் பக்கம் பானை கொதிக்கிறது. வல்லாரை உங்கள் தோட்டத்தது, அரிசி எங்கள் வட்டையில் விளைந்தது. சீனி கேட்காதீர்கள், கருப்பட்டி கொண்டு வந்திருக்கிறோம். முதலில் பிள்ளைகளை வரிசையில் விடுங்கள்.