பூட்டுக்கும் கூலி கொடுத்தவர்கள்

(கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'கெட்டோ' என்கிற வார்த்தையை நாம் சர்வ சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். சேரியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கெட்டோ என்றுதான் எழுதுகிறார்கள். அம்பேத்கரும் எழுதியிருக்கிறார். 'தீண்டப்படாதோர் அல்லது இந்தியக் கெட்டோவின் குழந்தைகள்' என்பது அவர் கையெழுத்துப் பிரதியாக விட்டுச்சென்ற ஒரு நூலின் தலைப்பு. மராட்டிய அரசின் தொகுப்பில் ஐந்தாம் தொகுதியாக 1989இல்தான் அது அச்சேறியது. 1892இல் இஸ்ரேல் சாங்வில் என்கிற லண்டன் யூத எழுத்தாளர் 'கெட்டோவின் குழந்தைகள்' என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். பாபாசாகேப் மனதில் அந்தத் தலைப்பு ஓடியிருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் அந்த வார்த்தைக்குள்ளே யார் இருந்தார்கள், கதவை எவன் பூட்டினான், பூட்டினவனுக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்பதை நாம் பேசினதே இல்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் வெனிஸ். 1509இல் வெனிஸ் குடியரசுக்கு எதிராக ஐரோப்பிய அரசுகள் கூட்டுச் சேர்ந்து படையெடுத்தன. நிலப்பகுதி ஊர்களில் இருந்த யூதர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தீவு நகரத்துக்குள் ஓடி வந்தார்கள். அதுவரைக்கும் யூதர்கள் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கிடையாது. இப்போது அரசாங்கத்துக்கு ஒரு தர்மசங்கடம். போருக்குப் பணம் வேண்டும். ஏழைகளுக்கு அடகின் பேரில் கடன் கொடுக்க ஆள் வேண்டும். கிறித்தவன் வட்டிக்குக் கொடுத்தால் பாவம் என்று திருச்சபை சொல்லிவிட்டது. பாவத்தைச் செய்ய இன்னொருத்தன் வேண்டும், இல்லையா? இன்னொரு பக்கம் தவக்காலப் பிரசங்கத்தில் சாமியார்கள், யூதனை ஊருக்குள் விட்டதால்தான் கடவுள் நம்மைத் தோற்கடிக்கிறார் என்று முழங்குகிறார்கள். விரட்டவும் முடியவில்லை, சேர்த்துக்கொள்ளவும் மனசில்லை.

1516 மார்ச் 29ஆம் தேதி செனட் ஒரு தீர்மானம் போட்டது. நகரத்தின் ஓரத்தில், சுற்றிலும் கால்வாய் ஓடுகிற ஒரு சின்னத் தீவு. முன்னொரு காலத்தில் செம்பு வார்க்கிற பட்டறை இருந்த இடம். வார்ப்பதைக் குறிக்கிற அவர்களுடைய சொல்லிலிருந்துதான் 'கெட்டோ' என்கிற பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற விளக்கம். யூதர்கள் எல்லாரும் அதற்குள்ளே போக வேண்டும். இரண்டு வாசல், இரண்டுக்கும் கதவு. காலையில் தொழிலாளிகளை வேலைக்குக் கூப்பிடுகிற பெரிய மணி அடித்ததும் திறப்பார்கள். இருட்டினால் பூட்டுவார்கள். பகலில் வெளியே வரும்போது மஞ்சள் அடையாளம் போட்டிருக்க வேண்டும். 

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. கதவைக் காவல் காக்க நான்கு கிறித்தவக் காவலாளிகள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது யூதர்கள். ராத்திரியில் எவனும் தண்ணீர் வழியாகத் தப்பிவிடக் கூடாது என்று கால்வாயில் இரண்டு படகுகள் சுற்றி வரும். அந்தப் படகுக்கான செலவும் யூதர்கள் தலையில்தான். தீவில் ஏற்கெனவே குடியிருந்த கிறித்தவர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். வீட்டுச் சொந்தக்காரனுக்கு நஷ்டம் வரக் கூடாதாம். ஆகவே யூதன் பழைய வாடகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் பணத்துக்கு வீட்டுக்காரன் வரி கட்ட வேண்டியதில்லை. யூதன் சொந்தமாக வீடு வாங்கவும் முடியாது. அடைத்து வைப்பதே ஒரு வருமானமாக ஆகிவிட்டது, பாருங்கள்.

ராத்திரியில் வெளியே போக அனுமதி யாருக்கு என்றால், மருத்துவர்களுக்கு. கிறித்தவக் கனவானுக்கு நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் யூத வைத்தியர் வேண்டும். அப்போது கதவு திறக்கும்.

நம் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' பாடம் வைத்தார்கள். ஷைலக் ஒரு பவுண்டு சதை கேட்டதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணினோம். அந்த நாடகத்தில் கெட்டோ என்கிற சொல்லே வராது, கதவும் வராது. எந்த வாத்தியாரும் நமக்குச் சொல்லவில்லை. நிஜ வெனிஸில் என்ன நடந்தது? யூதர்கள் குடியிருக்கச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசாங்கத்தோடு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். ஏழைகளுக்காக அடகுக் கடைகள் நடத்தியாக வேண்டும் என்பது அதில் நிபந்தனை. 1573லிருந்து வட்டி 5 சதவீதம்தான் வாங்கலாம். அது கட்டுப்படியாகாத தொழில். கெட்டோவிலிருந்த மற்ற யூதர்களிடமும் வசூல் பண்ணித்தான் அந்தக் கடைகளை ஓட்டினார்கள். நஷ்டத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பழியையும் அவன் மேலேயே போட்டு, அதை உலக இலக்கியம் என்று நமக்கும் கொடுத்துவிட்டார்கள்.

தீவு பெரிதாகாது, ஜனங்கள் பெருகுவார்கள். ஆகவே வீடுகள் மேலே மேலே போயின. ஏழு மாடி வரைக்கும் எழுப்பினார்கள். கூரை தலையில் இடிக்கும். அதற்குள்ளே ஐந்து ஜெபக்கூடம், பள்ளிக்கூடம், வாதப் பிரதிவாதம் எல்லாம் நடந்தன. சாரா கோப்பியா சுல்லாம் என்று ஒரு கவிஞர் அங்கே இருந்தார். தன் வீட்டில் இலக்கியக் கூட்டம் நடத்தினார், கிறித்தவ அறிஞர்களும் வந்துபோனார்கள். அதில் ஒரு பாதிரியார், இந்தப் பெண் ஆன்மா அழியாதது என்பதை மறுக்கிறாள் என்று 1621இல் அச்சுப் போட்டுக் குற்றம் சாட்டினார். அந்தக் காலத்தில் இது உயிருக்கே ஆபத்தான குற்றச்சாட்டு. சுல்லாம் உடனே ஒரு மறுப்பறிக்கை எழுதி அச்சிட்டார். கெட்டோவுக்குள்ளிருந்து ஒரு பெண் தன் பெயரைப் போட்டு வெளியே பேசினாள். இதைத் தனியாகவே பேச வேண்டும், இன்றைக்கு நேரமில்லை.

ரோம் இன்னும் மோசம். 1555 ஜூலை 14 அன்று நான்காம் பவுல் என்கிற போப் ஓர் ஆணை போட்டார். டைபர் ஆற்றங்கரையில், வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குகிற இடத்தில் யூதர்களை அடைத்தார்கள். சொந்த நிலம் கூடாது. பழைய துணி வியாபாரம் தவிர வேறு தொழில் கூடாது. கிறித்தவ நோயாளிக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. இன்னொரு விதி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். ஏழைக் கிறித்தவன்கூட ஒரு யூதனை 'ஐயா' என்று அழைக்கக் கூடாது. அப்படி அழைக்க யூதன் இடம் கொடுக்கக் கூடாது. சிரிக்கிறீர்கள். இதற்கு உங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஜெபக்கூடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம் என்றும் ஆணை. ரோம் யூதர்களோ பல ஊர்களிலிருந்து வந்தவர்கள், வழிபாட்டு முறையும் வேறு வேறு. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே கட்டடத்துக்குள் ஐந்து ஜெபக்கூடங்களை வைத்துக்கொண்டார்கள். சட்டப்படி கட்டடம் ஒன்று. எனக்குப் பிடித்த இடம் இது. மதம் மாற்றுவதற்காகப் பிரசங்கம் வைத்து, அதற்கு யூதர்கள் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மதம் மாறுகிறவர்களைத் தங்க வைத்துப் பாடம் சொல்ல ஒரு இல்லம் இருந்தது. அந்த இல்லத்தை நடத்த யூத ஜெபக்கூடங்கள் மீதே வரி போட்டார்கள். தன் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போகிறவனுக்குத் தானே படியளக்க வேண்டும்.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரம் வெனிஸுக்கும் முன்னாலேயே, 1462இல், யூதர்களை ஒரே ஒரு தெருவில் அடைத்துவிட்டது. முந்நூறு மீட்டர் சொச்சம் நீளம், மூன்று நான்கு மீட்டர் அகலம். ராத்திரியிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், கிறித்தவப் பண்டிகை நாட்களிலும் பூட்டிவிடுவார்கள். ஆண்டுக்கு 12 கல்யாணத்துக்கு மேல் கூடாது என்று பதினேழாம் நூற்றாண்டில் விதி வந்தது. எத்தனை பேர் பிறக்கலாம் என்பதையும் அவன்தான் முடிவு செய்தான்.

இங்கே நான் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். கெட்டோவும் சேரியும் ஒன்றுதான் என்று அவசரப்பட்டுச் சொல்ல எனக்கு உடன்பாடில்லை. கெட்டோவுக்குப் பிறந்த தேதி இருக்கிறது. ஆணை போட்டவன் பெயர் இருக்கிறது. நம்முடையதற்கு? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம், வரி கழித்த நிலங்களைக் கணக்கெடுக்கும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று சொல்லிக்கொண்டு போகிறது. அது உத்தரவு போடவில்லை. ஏற்கெனவே இருக்கிற குளம், வாய்க்காலோடு சேர்த்துச் சாவகாசமாக எண்ணுகிறது. எவன் ஆணை என்று கேட்டால் கை காட்ட ஆளில்லை. இன்னொன்று, ரோமில் ஞானஸ்நானம் வாங்கினவன் கதவைத் தாண்டி வெளியே போக முடிந்தது. இங்கே ஞானஸ்நானம் வாங்கினவனுக்குக் கோயிலுக்குள்ளே தனி இடமும் கல்லறையில் தனிச் சுவரும் காத்திருந்தன. அம்பேத்கர் அந்தச் சொல்லைக் கடன் வாங்கினார் என்றால், உலகத்துக்குப் புரிகிற ஒரு சொல் வேண்டியிருந்தது. புரிய வைத்த பிறகு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டியது நம் வேலை.

சரி, கதவு எப்போது உடைந்தது? வெனிஸில் 1797 ஜூலையில். நெப்போலியனின் படை வந்த பிறகு கதவுகளைப் பெயர்த்தெடுத்துக் கெட்டோவின் நடு முற்றத்தில் போட்டு எரித்தார்கள். ஜனங்கள் சுற்றி நின்று ஆடினார்கள். சில மாதங்களில் நெப்போலியன் அந்த நகரத்தையே ஆஸ்திரியாவுக்குத் தாரைவார்த்துவிட்டான், பல தடைகள் திரும்பி வந்தன. முழு உரிமை கிடைக்க 1866 ஆயிற்று. ரோமில் சுவரை 1848இல் இடித்தார்கள். ஆனால் மறு ஆண்டு நடந்த புரட்சி தோற்று போப் ஆட்சி திரும்பியதும் பழைய கட்டுப்பாடுகளும் திரும்பின. 1870இல் இத்தாலியப் படை ரோமைப் பிடித்த பிறகுதான் அது முடிந்தது. வேறு எவனோ வந்து திறந்துவிட்ட கதவை, அவன் போனதும் இன்னொருவன் சாத்தியிருக்கிறான்.

முடிந்தது என்றா சொன்னேன்? 1943 செப்டம்பரில் ரோமைப் பிடித்த ஜெர்மானியர்களின் எஸ்.எஸ். அதிகாரி கப்ளர், 36 மணி நேரத்துக்குள் 50 கிலோ தங்கம் தராவிட்டால் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவேன் என்று யூதர்களிடம் சொன்னான். கல்யாண மோதிரம், சங்கிலி என்று கழற்றிக் கொடுத்தார்கள். யூதரல்லாத ரோம் ஜனங்களும் வரிசையில் நின்று கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். 50 கிலோவும் நிறுத்துக் கொடுக்கப்பட்டது. அக்டோபர் 16 விடியற்காலையில் மழைக்குள் லாரிகள் வந்தன, அதே பழைய கெட்டோ தெருக்களுக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர்.

வார்சாவில் 1940இல் கெட்டோவைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். மூன்று மீட்டர் உயரம். சுவர் கட்டின செலவு யார் கணக்கில்? யூத நிர்வாகக் குழுவின் கணக்கில். வெனிஸ் காவலாளியின் சம்பளத்திலிருந்து 424 வருஷம் தாண்டி வந்தும் அதே ரசீதுதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பழைய கெட்டோ ஆளை வைத்துக்கொண்டு வேலை வாங்குவதற்கு. நாஜி கெட்டோ கொல்வதற்கு முன்னால் குவித்து வைப்பதற்கு. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்குள் திணித்தார்கள். பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் செத்தவர்களே எண்பதாயிரத்துக்கும் மேல். 1942 ஜூலை 22இல் தொடங்கி இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். நிர்வாகக் குழுத் தலைவர் செர்னியாக்கோவ் மறுநாளே விஷம் குடித்துச் செத்தார். மீந்த இளைஞர்கள் 1943 ஏப்ரல் 19இல் துப்பாக்கி எடுத்தார்கள். அந்த எழுச்சி உங்களில் பலருக்குத் தெரியும்.

எழுச்சியைவிட இன்னொரு வேலையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இமானுவேல் ரிங்கல்ப்ளூம் என்கிற வரலாற்றாசிரியர் அந்தக் கெட்டோவுக்குள்ளே ரகசியமாக ஒரு குழு அமைத்தார். சனிக்கிழமைகளில் கூடுவார்கள். என்னென்ன சேர்த்தார்கள்? பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், சுவரொட்டி, அகதிகளின் வாக்குமூலம். நம்மைப் பற்றி நாளைக்கு எதிரி எழுதினதுதான் மிஞ்சும் என்றால், நம் கையால் நாமே எழுதி வைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள். தங்கள் ஆட்களின் தவறையும் மறைக்கவில்லை. கெட்டோ போலீஸாக இருந்த யூதர்கள் லஞ்சம் வாங்கியது, பணக்காரன் உணவகத்தில் தின்னும்போது வாசலில் குழந்தை செத்துக் கிடந்தது எல்லாவற்றையும் எழுதினார்கள். நம் பத்திரிகைகளில் நம்மவர்களைப் பற்றி எழுதினால் காட்டிக்கொடுக்கிறான் என்கிறார்களே, அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

1942 ஆகஸ்டில் ஒரு பகுதியைப் பத்துத் தகரப் பெட்டிகளில் போட்டு ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் புதைத்தார்கள். புதைத்தவர் ஒரு வாத்தியார், கூட இரண்டு மாணவர்கள், இருபது வயதுகூட ஆகாதவர்கள். இரண்டாவது பகுதியை 1943இல் இரண்டு பால் கேன்களில் வைத்தார்கள். ரிங்கல்ப்ளூமை 1944 மார்ச்சில் குடும்பத்தோடு கொன்றுவிட்டார்கள். போருக்குப் பிறகு பெட்டிகள் 1946இலும் கேன்கள் 1950இலும் இடிபாடுகளுக்குள்ளிருந்து கிடைத்தன. மொத்தம் முப்பத்தைந்தாயிரம் பக்கம். பெட்டிகளுக்குள் தண்ணீர் இறங்கிப் பல தாள்கள் நைந்திருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினார்கள். மூன்றாவது பகுதி கிடைக்கவில்லை. அது புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிற இடம் பிற்பாடு வார்சாவிலுள்ள சீனத் தூதரகத்தின் தோட்டமாகிவிட்டது. 2003இல் அங்கேயும் தோண்டிப் பார்த்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருக்கும், உட்கார்ந்து பேசுவோம்.