எம்டன் குண்டும் பத்தாம் வகுப்பு வரலாறும்



கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் அவையில் போரைப் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். பிள்ளைகளின் புத்தகப் பையைத் திறந்து பார்த்தால் அந்த ஐயம் நீங்கும். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் வரலாற்றுப் பகுதியின் முதல் பாடமே முதல் உலகப் போர். மூன்றாம் பாடம் இரண்டாம் உலகப் போர். வீட்டில் எறும்பை மிதிக்காதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளையும், ஆண்டின் தொடக்கத்தில் பள்ளியில் கோடிக்கணக்கானோர் மடிந்த கதையைத்தான் முதலில் படிக்கிறது. அதை எப்படிப் படிக்கிறது என்பதே கேள்வி.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. இப்பகுதிப் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ சென்றுவிடுகின்றனர். சிப்காட் ஆலைகளில் விரைவில் வேலை கிடைக்கும் என்பது பெற்றோரின் கணக்கு, அதில் தவறில்லை. மேனிலை வகுப்பில் அறிவியல் பிரிவை எடுப்போர்க்கும் வரலாறு கிடையாது. எனவே பதினைந்து வயதில் கற்கும் வரலாறே அவர்களுள் பெரும்பாலோர்க்கு வாழ்நாளின் கடைசி வரலாறு. அந்தக் கடைசி வாய்ப்பு என்ன ஆகிறது? கூட்டணிகள், தீவிர தேசியம், பால்கன் சிக்கல், 1914 ஜூன் 28 அன்று சாராயெவோவில் நிகழ்ந்த கொலை என்று காரணங்கள் வரிசையாக மனப்பாடம் செய்யப்பட்டுத் தேர்வு முடிந்த மாலையிலேயே மறக்கப்படுகின்றன. போரில் செத்தவர்கள் மனிதர்கள் என்பது மட்டும் பிள்ளையின் மனத்தில் பதிவதில்லை.

ஐரோப்பாவிலிருந்து தொடங்குவதால் வரும் இடர் இது. சென்னைக் கடற்கரையிலிருந்து தொடங்கலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து கடற்கரை நிலையத்துக்குச் செல்லும் மின்தொடர் வண்டி இராயபுரத்தைத் தாண்டித்தான் போகிறது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஒன்பதரை மணியளவில் அந்தத் துறைமுகத்தின் எதிரே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து நின்றது. விளக்கொளியைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்து ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் சேதமுற்றது. குறைந்தது ஐவர் இறந்தனர். அடுத்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குப் பக்கத்தில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல் இன்றும் உள்ளது.

இந்த அளவில் நிறுத்தினால் வகுப்பறை மகிழ்ந்துவிடும். எந்தப் பையனுக்கும் குண்டு வெடிக்கும் கதை பிடிக்கும். கெட்டிக்காரனையும் கண்டிப்பான தகப்பனையும் 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு தமிழில் பிறந்ததே அந்த இரவினால்தான். (திரைப்படம் ஒன்றுக்கு 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்துப் பின்னர் 'எம் மகன்' ஆக்கினார்கள், பெற்றோர்க்கு அது நினைவிருக்கும்.) நல்லாசிரியர் இதற்குப் பிறகுதான் பாடத்தைத் தொடங்குவார். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பார். சரியாக 48 நாள்களில், நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனைத் தாக்கி அழித்தது. 130க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் மாண்டனர். அதன் தலைவர் கார்ல் வான் முல்லர், தாம் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைக் கொல்லாமல் பாதுகாப்பாக அனுப்பி வைத்தவர் என்று பகைவர்களே பாராட்டினர். சென்னையில் ஐவரைக் கொன்றதும் அதே மனிதரின் ஆணைதான். இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் ஏந்தப் பதினைந்து வயதுக்கு இயலும். ஆசிரியர் அவசரப்பட்டு நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பு எழுதிக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்றொரு கதை தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்குகிறது. அவர் பெருந்தேசபக்தர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். வங்கக் கடலில் நின்ற கப்பலில் அவர் எப்படி இருந்திருக்க முடியும்? கதையைச் சொல்லி, தேதியையும் சொல்லி, முடிவை மாணவரிடமே விட்டுவிடலாம். கேட்டதையெல்லாம் நம்பாதே என்று பத்து முறை அறிவுரை சொல்வதைவிட இந்த ஒரு கணக்கு பயன் தரும்.

தமிழாசிரியரும் கைகொடுக்கலாம். ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைந்ததால்தான் 1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. பிரிட்டன் இறங்கியதால் இந்தியாவும் இழுக்கப்பட்டது. அந்தச் சிறு நாட்டுக்குப் புதுச்சேரியில் இருந்த பாரதியார் வாழ்த்துப் பாடியிருக்கிறார். வரலாற்று வகுப்பில் ஒரு வரியாகக் கடந்துபோகும் பெல்ஜியம், தமிழ் வகுப்பில் முகம் பெறுகிறது.

ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலை இம்மாவட்டத்துக்குரியது. அங்கே பணிபுரிவோரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளும் இங்கே உண்டு. பீரங்கி வண்டி முதன்முதலாகப் போர்க்களம் புகுந்தது 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சோம் களத்தில். முள்வேலியையும் பதுங்குகுழியையும் இயந்திரத் துப்பாக்கியையும் மனித உடலால் கடக்க முடியாமற்போனதால் பிறந்த கருவி அது. இதைச் சொல்லும்போது தந்தையின் தொழிலைப் பழிக்க வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை.

தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் இன்னொன்று: போரினால் சென்னையில் அரிசி விலையும் துணி விலையும் ஏறின, கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. நாளை ஆலைக்குள் நுழையப்போகும் பிள்ளை இதை அறிந்து செல்லட்டும்.

இனி மாண்டோர் கணக்கு. போரில் பணியாற்றிய இந்தியர் ஏறத்தாழ 13 லட்சம். உயிரிழந்தோர் ஏறத்தாழ 74,000. பிரான்சில் நூவ் ஷபெல் என்னும் ஊரின் நினைவுச் சின்னத்தில் மட்டும் 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் உள்ளன. இவ்வளவு பெரிய எண்களைக் கேட்டால் பெரியவர்களுக்கே மனம் மரத்துப்போகும். பிள்ளைக்குச் சிறிய எண் வேண்டும்.

அந்தச் சிறிய எண் வேலூரில் இருக்கிறது. திருவள்ளூரில் ரயிலேறினால் அரக்கோணம் வழியாகக் காட்பாடி. அங்கிருந்து வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்குப் பேருந்து உண்டு. அம்மணிக்கூண்டில் பதித்த கல்வெட்டு, இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் கூறுகிறது. பெயர்கள் இல்லை. கடைத்தெரு இரைச்சலில் நாள்தோறும் ஆயிரம் பேர் அதைக் கடந்து போகின்றனர்.

பதினான்கு என்பது வகுப்பில் இரண்டு வரிசைப் பிள்ளைகள். அவர்களை எழுந்து நிற்கச் சொன்னாலே போதும். ஆசிரியர் விளக்கம் சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்த 263 பேர் என்ன ஆனார்கள், கை கால் இழந்தவர் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் போரைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள், பெயர்களை ஏன் பொறிக்கவில்லை என்றெல்லாம் பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள். பாடநூலின் வினாப் பகுதியில் இல்லாத வினாக்கள் இவை. கொல்லாமை பற்றிய பேச்சும் இந்த இடத்தில் தானாக எழும். மேடையிலிருந்து ஊட்ட வேண்டியிராது.

அறக்கட்டளையார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் விழாவின்போது குறிப்பேடுகளும் எழுதுகோல்களும் வழங்குவது நல்ல செயல். அத்துடன் அரசுப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வேலூருக்கு அழைத்துச் சென்றுவரும் செலவையும் ஏற்கலாம். நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ரயில் கட்டணம், பேருந்துக் கட்டணம், மதிய உணவு. காலாண்டுத் தேர்வு வருமுன், முதல் பாடம் நடக்கும் வாரத்திலேயே போய்வருவது நல்லது. தேர்வு நெருங்கிவிட்டால் எந்தத் தலைமையாசிரியரும் அனுப்பமாட்டார்.