ஈகையும் இனச்செருக்கும்



கொடுப்பவன் கை உயர்ந்தது, வாங்குபவன் கை தாழ்ந்தது என்பது உலக வழக்கு. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாருக்கு உதவச் செல்லும்போது இவ்வழக்கோடு இனச்செருக்கும் சேர்ந்துகொண்டால் விளைவது என்ன? கத்தோலிக்க திருச்சபையின் வரலாற்றிலிருந்தே இதற்கு விடை காண விழைகின்றேன்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களை வதைத்தபோது, அம்மக்களுக்காக வழக்குரைத்தவர் பர்த்தலோமே டி லாஸ் காசாஸ் என்னும் குருவானவர். ஆயினும், அவர்களுடைய சுமையைக் குறைக்க ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516இல் யோசனை கூறியவரும் அவரே! பின்னாளில் அதற்காக மனம் நொந்து எழுதினார். ஓரினத்தின் கண்ணீரைத் துடைக்க நீண்ட கை, மற்றோரினத்துக்கு விலங்கிடத் துணிந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1967இல் ஆறாம் பவுல் பாப்பரசர் மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். உலகப் பொருள்கள் எல்லாருக்குமாகவே படைக்கப்பட்டவை. ஆதலின் செல்வன் வறியவனுக்குக் கொடுப்பது வறியவனுக்கு உரியதையே என்னும் புனித அம்புரோசின் போதனையை அதில் எடுத்தாண்டார். சட்டம் பயின்றவன் என்ற முறையில் இதன் பொருளைக் கூறுகின்றேன். பிச்சை கேட்பவன் தலை குனிகிறான். தனக்குரியதைக் கேட்பவன் நிமிர்ந்து நிற்கிறான். கடனைத் தீர்ப்பவனுக்கு, வாங்குபவனை ஆளும் உரிமை கிடையாது! உதவச் செல்லும் நிபுணர்கள் நாட்டுச் செருக்கும் இனபேதமும் சிறிதுமின்றி, அவ்விடத்து மக்களோடு இணைந்து உழைக்க வேண்டும் என்றும் அம்மடல் வலியுறுத்துகின்றது.

அடுத்த ஆண்டே, 1968இல், மெக்சிக்கோவில் தொண்டாற்றவிருந்த அமெரிக்க இளைஞர் முன்னிலையில் இவான் இலிச் என்னும் குருவானவர் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். மக்களின் மொழியும் அறியாமல் செய்யும் தொண்டு, அவர்கள்மீது சுமத்தப்படும் ஆதிக்கமே என்று அவர் கண்டித்தார்.

அன்பர்களே! ஊருக்குக் கிணறு வெட்டித் தருவது நன்று. ஆனால், அக்கிணறு எங்கே அமையவேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? அம்மண்ணை உழுதவனா, கடல்கடந்த அலுவலகமா? உதவி நிறுவனம் எதனையும் இக்கேள்வியாலேயே அளந்து பாருங்கள். மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்று திருச்சபை போதிக்கின்றது. அச்சாயல் கொடுப்பவனிடம் மட்டுமன்று, வாங்குபவனிடமும் உண்டு. அதனை மறந்து இடப்படும் சோறு பசியைத் தீர்க்கலாம். மனிதனின் மானத்தைக் காக்காது!