நடைபயணத்துக்கு பைக்கில் துணை போகிறீர்களா?

(அயனம்பாக்கத்தில் இருசக்கர வாகனத் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கீங்க, அதுக்கே முதலில் நன்றி. புற்றுநோய் விழிப்புணர்வு, ரத்த தானம், ஏரிப் பாதுகாப்பு, பிள்ளைகளின் படிப்புக்கு நிதி என்று ஏதாவது ஒரு நல்ல காரணத்துக்காக நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் இன்றைக்கு எல்லா ஊரிலும் இருக்கு. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த கலைஞர் நினைவு பன்னாட்டு மாரத்தானில் 70,000 பேருக்கு மேல் ஓடினாங்க. அதே ஆண்டு நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டது.

பெரிய நிகழ்ச்சிகளுக்குக் காவல்துறையின் முழுப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் குடியிருப்போர் சங்கமோ, பள்ளியோ, ஒரு நண்பர் குழுவோ 100, 200 பேரைச் சேர்த்து நடக்கும்போது, பைக் வைத்திருக்கும் உங்களிடம்தான் வருவாங்க. “முன்னாடி ரெண்டு வண்டி, பின்னாடி ரெண்டு வண்டி வந்தா போதும் சார்” என்பாங்க. அந்தப் பொறுப்பை ஏற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

இது புதிய வேலை இல்லை

பாதயாத்திரைக்குத் துணை போவது நமக்குப் பழகிய சேவை. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், ஆகஸ்ட், செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கும் நடந்து போகிறவர்களோடு தண்ணீர், மருந்து, பை எல்லாம் ஏற்றிய ஒரு வண்டி கூடவே போகும். இரவில் நடக்கும் பக்தர்களுக்கு ஒளிரும் ஸ்டிக்கரும் ஒளிரும் குச்சியும் காவல்துறையினர் கொடுப்பதைப் பார்த்திருப்பீங்க. நடப்பவரை வண்டி ஓட்டுபவரின் கண்ணில் பட வைப்பதுதான் அதன் நோக்கம். நம்முடைய வேலையின் சாரமும் அதுவே.

இன்னொரு உதாரணம் கனடாவிலிருந்து. புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவருடைய நண்பர் டக் ஆல்வர்ட் ஒரு வேனை எடுத்துக்கொண்டு ஒரு மைல் முன்னால் போய்க் காத்திருப்பார். டெர்ரி வந்து சேர்ந்ததும் தண்ணீர் கொடுப்பார், மறுபடியும் ஒரு மைல். கியூபெக் மாநிலத்தில் அவரைப் பலருக்கும் தெரியவில்லை. வண்டி ஓட்டுபவர்கள் அவரைச் சாலையை விட்டு ஒதுக்கித் தள்ளினார்கள். ஒன்டாரியோவுக்குள் வந்த பிறகு மாநிலக் காவல்துறையே பாதுகாப்புக்கு வந்தது. ஓடியவர் அதே மனிதர்தான், அதே கால்தான். பின்னால் ஒரு பாதுகாப்பு வண்டி வந்தபோது சாலை அவரை மதித்தது. அவர் பெயரிலான ஓட்டம் சென்னையில் ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது.

நமக்கு எந்த அதிகாரமும் கிடையாது

இதை முதலிலேயே மனசில் வாங்கிக்குங்க. போக்குவரத்தை நிறுத்தவும் திருப்பிவிடவும் உரிமை காவல்துறைக்குத்தான். தன்னார்வலர் கையைக் காட்டி லாரியை நிறுத்தச் சொன்னால், லாரி ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் நிறுத்துவார் என்று நம்பி நீங்கள் நூறு பேரைச் சாலைக்குள் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க.

பிரிட்டனில் சைக்கிள் பந்தயங்களுக்குத் துணை போகும் மோட்டார் சைக்கிள் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். முறையான பயிற்சி எடுத்து, காவல்துறையின் அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டுமே அங்கே வாகனங்களை நிறுத்தலாம். நமக்கு அந்த ஏற்பாடு இல்லாததால், சந்திப்புகளில் போலீசார் நிற்க வேண்டும். நாம் அவர்களுக்கு உதவியாக இருப்போம்.

சைரன், பல ஒலி எழுப்பும் ஹாரன், சிவப்பு நீலச் சுழல்விளக்கு எதையும் வண்டியில் மாட்டக் கூடாது. அது சட்ட விரோதம். அதோடு, ஆம்புலன்ஸ் வருகிறது என்று மற்றவர்கள் குழம்பி ஒதுங்கினால் அந்தக் குழப்பத்திலேயே விபத்து நடக்கும். ஹெட்லைட், பிரதிபலிக்கும் பட்டை வைத்த மேலங்கி, இண்டிகேட்டர் மூன்றும் போதும்.

அனுமதி எழுத்தில் இருக்கட்டும்

உங்களை அழைக்கும் அமைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “போலீஸ் அனுமதிக் கடிதம் எங்கே?” நம்ம பகுதியில் ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. பாதை முகப்பேர் பக்கம் திரும்பினால் சென்னை காவல் எல்லைக்குள் போகக்கூடும். ஒரே 5 கிலோமீட்டர் நடையில் இரண்டு ஆணையரகம் வரலாம். அதனால் பாதையின் வரைபடத்தோடு, நாள், நேரம், எத்தனை பேர், எந்தெந்தச் சந்திப்பு என்று எழுதி, சில வாரங்களுக்கு முன்பே சட்டம் ஒழுங்குப் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு இரண்டிலும் மனு கொடுக்கச் சொல்லுங்க.

கடிதத்தின் படம் ஒவ்வொரு தன்னார்வலரின் செல்போனிலும் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு இவற்றை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ வைத்துக்கொண்டால் அவை அசலுக்குச் சமமாக ஏற்கப்படும். காப்பீடு காலாவதியான வண்டியில் துணைக்குப் போகாதீங்க.

பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்க

வானகரம்–அம்பத்தூர் சாலையை எடுத்துக்குங்க. தொழிற்பேட்டைக்குப் போகும் லாரி, கம்பெனி பஸ், மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் அதில்தான். ஏரிக்கரைப் பக்கம் உள்ள தெருக்களோ குறுகல். ஒரு வாரம் முன்னால், நிகழ்ச்சி நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் பாதையை ஓட்டிப் பாருங்க. பள்ளம், திறந்த வடிகால், எரியாத தெருவிளக்கு, நாய்கள் கூடும் இடம், தண்ணீர் தேங்கும் இடம் எல்லாவற்றையும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குறிச்சுக்குங்க.

நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் பள்ளம் இருந்தால் ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். மாநகராட்சிச் சாலை என்றால் 1913. நிகழ்ச்சிக்கு முன்பே அந்தப் பள்ளம் மூடப்பட்டால், அன்றைக்கு நடப்பவர்களுக்கு மட்டுமில்லை, தினமும் அந்த வழியாகப் போகிற எல்லாருக்கும் லாபம்.

ஒரு சின்னக் கணக்கு

200 பேர் இரண்டிரண்டு பேராக, வரிசைக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 வரிசை, 150 மீட்டர் நீளம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், ஒரு குறுக்குச் சாலையை முழுக் கூட்டமும் தாண்ட ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். ஹாரன் அடிக்காமல் யாரும் 2 நிமிடம் காத்திருக்க மாட்டார்கள். நடுவில் பைக்குகள் நுழையத் தொடங்கிவிடும்.

அதே கூட்டத்தை 50 பேர் கொண்ட நான்கு குழுவாகப் பிரித்தால், ஒரு குழு அரை நிமிடத்துக்குள் தாண்டிவிடும். அதனால் நடையைத் தொடங்கும்போதே குழுக்களாகப் பிரிக்கச் சொல்லுங்க. ஒரு குழு போனதும் வாகனங்களுக்கு வழிவிடலாம், பிறகு அடுத்த குழு.

அடுத்தது, கூட்டம் இழுபடும். முன்னால் போகிறவர் 5 கிலோமீட்டர் வேகத்திலும் கடைசியில் வருகிறவர் 4 கிலோமீட்டர் வேகத்திலும் நடந்தால், அரை மணி நேரத்தில் இருவருக்கும் இடையே அரை கிலோமீட்டர் இடைவெளி வந்துவிடும். முன்னணி வண்டி வேகத்தைக் கட்டுப்படுத்தி, தண்ணீர் தரும் இடங்களில் முன்வரிசையை நிறுத்தி வைக்க வேண்டும்.

யாருக்கு என்ன வேலை

நாலு பைக் இருந்தால் இப்படிப் பிரிச்சுக்குங்க. முதல் வண்டி முன்னால் போய், பாதையில் தடை ஏதும் உண்டா என்று பார்க்கும். இரண்டாவது வண்டி கூட்டத்தின் தலைப்பகுதியோடு இருக்கும். மூன்றாவது, தேவைப்படும் இடத்துக்குப் போய்வரும்; முதலுதவிப் பெட்டி இதில் இருக்கட்டும். நாலாவது, கடைசியாக நடப்பவருக்குப் பின்னால்.

நடக்கும் வேகத்துக்கு பைக்கை உருட்டிக்கொண்டே போகாதீங்க. கிளட்ச் தேயும், என்ஜின் சூடாகும், கை வலிக்கும், வண்டி ஆடும். முந்நூறு மீட்டர் போய் ஓரமாக நிறுத்துங்க, கூட்டம் வந்ததும் அடுத்த இடத்துக்குப் போங்க. சைக்கிள் பேரணி என்றால் 15 கிலோமீட்டர் வேகத்தில் சீராகக் கூடவே ஓட்டலாம். சைக்கிள்காரர் பள்ளத்தைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்குவார் என்பதால் பக்கவாட்டில் நல்ல இடைவெளி விடுங்க.

கடைசி வண்டிதான் மிகவும் ஆபத்தான இடம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனாலே 20 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பிரேக் பிடித்து நிற்பது அதற்குப் பிறகுதான். ஆகவே கடைசி வண்டி, நடப்பவரை ஒட்டி நிற்காமல் 80, 100 மீட்டர் பின்னால், சாலையின் ஓரத்தில், இண்டிகேட்டரோடு நிற்கட்டும். நிறுத்திய பைக்கின் மேலேயே வரும் வாகனங்களுக்கு முதுகு காட்டி உட்காராதீங்க. இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நின்று, பின்னால் பார்த்துக்கொண்டே இருங்க.

ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஓட்டிக்கொண்டே வீடியோ எடுப்பது, போன் பேசுவது கூடவே கூடாது. வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டு போனைப் பையில் வைத்துவிடுங்க. பேச வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திப் பேசுங்க.

யாராவது விழுந்தால்

வெயிலில் மயங்குபவர்களும் நெஞ்சு வலி என்று உட்காருபவர்களும் இருப்பார்கள். தயங்காமல் 108-ஐ அழையுங்க. எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்ல, பாதையின் அடையாளங்களை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவசர போலீஸ் உதவிக்கு 112, அல்லது ‘காவல் உதவி’ செயலி. சாலையின் ஒரு பக்கத்தை எப்போதும் ஆம்புலன்சுக்குத் திறந்து வைக்கணும்.

விபத்து என்றால், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் கேஸ், கோர்ட் என்று இழுப்பார்களோ என்ற பயம் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

“வேண்டாம்” என்று சொல்லத் தெரியணும்

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 17,884 உயிர்கள். நல்ல காரியத்துக்காக நடந்தார்கள் என்பதற்காகச் சாலை யாருக்கும் சலுகை தருவதில்லை.

ஆகவே, அனுமதி இல்லை என்றால் துணைக்கு வர மாட்டேன் என்று சொல்லுங்க. சந்திப்பில் போலீஸ் வரவில்லை என்றால், வரும்வரை கூட்டத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்க. மழை கொட்டினால், இருட்டு விலகவில்லை என்றால், தள்ளி வைக்கச் சொல்லுங்க. அழைத்தவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், டி-ஷர்ட் அச்சடிச்சாச்சு என்பார், சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார் என்பார். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்த இடத்தில் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. எல்லையில் கைதட்டல் முடிந்து, சிற்றுண்டி கொடுத்து, பேனரைச் சுருட்டும் நேரத்தில் ஒருவர் இன்னும் வந்துகொண்டிருப்பார். முழங்கால் வலியுள்ள ஒரு பெரியம்மாவாக இருக்கலாம், சிகிச்சை முடிந்து முதல்முறையாக வெளியே நடக்க வந்தவராக இருக்கலாம். சாலையில் அதற்குள் வாகனங்கள் கூடியிருக்கும், பந்தோபஸ்து போலீசும் கிளம்பியிருக்கலாம். அவர் வந்து சேரும்வரை நாலாவது வண்டி திரும்பக் கூடாது. புறப்பட்டபோது எண்ணிய தலைகளை, முடிவிலும் எண்ணுங்க. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் வண்டியை வீட்டுக்குத் திருப்புங்க.