நீதிமன்றச் சுதந்திரமும் நமது கடமையும்

(வழக்கறிஞர்களும் தொழிற்சங்க ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)

"கோர்ட்டு ஆளும் வர்க்கத்தின் கருவி என்கிறீர்கள். பிறகு அதன் சுதந்திரத்துக்கு நாம் ஏன் போராட வேண்டும்?" என்று ஓர் இளம் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நமது இயக்கத்தின் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

1950 ஜனவரி 26ல் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு தீர்ப்புகள் அளித்தது. இரண்டிலும் எதிர்த்தரப்பு சென்னை சர்க்கார். விசாரணையின்றிச் சிறையில் கிடந்த தோழர் ஏ.கே. கோபாலன் விடுதலை கேட்டார். தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றது கோர்ட்டு. காவலுக்கான காரணங்களைக் கோர்ட்டுக்கும் சொல்லக்கூடாதென்ற 14-வது பிரிவை மட்டும் ரத்துச் செய்தது. ஆனால் 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை மீது சென்னை சர்க்கார் போட்ட தடையை அதே கோர்ட்டு செல்லாதென்று தள்ளியது.

கோர்ட்டு வானத்திலிருந்து இறங்கியதல்ல. வர்க்க சமுதாயத்தின் முத்திரை அதிலும் உண்டு. இதை 1967ல் சொன்னதற்காகத்தான் கேரள முதலமைச்சர் தோழர் இ.எம்.எஸ். மீது அவமதிப்பு வழக்கு வந்தது. ஐகோர்ட்டு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. 1970ல் சுப்ரீம் கோர்ட்டு குற்றத்தை உறுதி செய்து, அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்தது.

ஆனால் கோர்ட்டு சர்க்காருக்குப் பணிந்துவிட்டால் என்ன நேரும்? 1976 ஏப்ரல் 28ஐ நினைத்துப் பாருங்கள். அவசர நிலையில் காவலில் வைக்கப்பட்டவர் விடுதலை கேட்டுக் கோர்ட்டுக்கு வரவே முடியாது என்றனர், ஐந்து நீதிபதிகளில் நால்வர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதியாக்கியது சர்க்கார். கன்னா ராஜிநாமாச் செய்தார். அத்தீர்ப்பு தவறென்று சுப்ரீம் கோர்ட்டே சொல்வதற்கு 2017 ஆயிற்று.

இனி வரும் அபாயம் கோர்ட்டைப் பூட்டிக்கொண்டு வராது. நியமனத்தின் வழியாக வரும்; ஓய்வுக்குப் பின் பதவி என்ற ஆசையின் வழியாக வரும்; தாமதத்தின் வழியாகவும் வரும். தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15ல் கோர்ட்டு ரத்துச் செய்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் அதில் ஒரு மனுதாரர். வெற்றிதான். ஆனால் 2018லிருந்து பெருமுதலாளிகளின் பணம் கைமாறி முடிந்த பிறகல்லவா அந்த வெற்றி வந்தது!

1993 முதல் மூத்த நீதிபதிகளின் கொலீஜியமே நீதிபதிகளைத் தேர்வு செய்கிறது. அதற்கு மாற்றாக வந்த நியமனக் கமிஷனை 2015ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. மூடிய அறையும் வேண்டாம்; மந்திரிகளின் கையும் வேண்டாம். தேர்வுக்கான காரணத்தை மக்களுக்குச் சொல்லும் சுயேச்சையான கமிஷன் வேண்டும். ஓய்வு பெற்ற நீதிபதிக்குச் சர்க்கார் தரும் பதவிகளுக்குத் தடை வேண்டும். சர்க்காரின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படியே சிறையிலிருப்போரில் 4 பேரில் 3 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்கு வழியில்லாத ஏழைக்கு நீதிமன்றச் சுதந்திரம் என்றால் விரைவான விசாரணைதான்.

இளம் தோழருக்கு என் பதில் இதுதான். கோர்ட்டு சமுதாயத்தை மாற்றித் தராது. அது நமது வேலை. ஆனால் சங்கம் அமைக்க, கூட்டம் போட, பத்திரிகை நடத்த உள்ள உரிமைகள் மக்கள் போராடிப் பெற்றவை. அவற்றைப் பறிக்க வரும் கையைத் தடுக்க இருக்கும் இடங்களில் கோர்ட்டும் ஒன்று. அந்த இடத்தை நாம் விட்டுக் கொடுக்கலாமா? கூடாது, தோழர்களே!