உப்பளத்துத் தோழன் எழுதிய பாட்டுகள்

(மரக்காணத்தில் மழைக்கால ஓய்வின்போது கூடிய உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகளில் வேலை நின்றுபோயிற்று. கரையில் குவித்த உப்புக்குக் கீற்று வேய்ந்தாயிற்று. தை பிறந்து வெயில் ஏறும்வரை நமக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது. இந்த வேலையில்லாத நாட்களில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு காரியம் செய்தோம். அதைத்தான் இங்கே சொல்ல வந்தோம். காரியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டுக் கேட்டோம்!

பாட்டுக் கேட்பது ஒரு காரியமா என்று நீங்கள் சிரிக்கலாம். சற்றுப் பொறுங்கள்.

அமெரிக்காவில் பாப் டிலன் என்று ஒருவர் இருக்கிறார். தாமே எழுதி, தாமே மெட்டுப் போட்டு, தாமே பாடுகிறவர். அவருடைய முதல் இசைத்தட்டு 1962-ல் வந்தது. 2016-ல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் பாட்டை விரும்புகிறவர்கள் முதல் தட்டிலிருந்து வரிசையாக, ஆண்டு பிசகாமல் கேட்பார்களாம். இந்த வருஷம் மனிதன் கோபமாக இருந்தான், இந்த வருஷம் காதலித்தான், இந்த வருஷம் களைத்துப் போனான் என்று தட்டை வைத்தே சொல்லிவிடுவார்களாம். எங்களோடு படித்த பையன் ஒருவன் இதைச் சொன்னபோது, புதுவை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தோழர் கேட்டார்: “ஏனப்பா, நம்ம ஆள் ஒருத்தனை இந்த மாதிரி என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?”

கேட்டதே இல்லை, தோழர்களே! பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு நம் வாயில் எப்போதும் இருக்கிறது. ஆனால் நாம் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? அது எம்.ஜி.ஆர். பாட்டு, இது சிவாஜி பாட்டு, அது டி.எம்.எஸ். பாட்டு. எழுதியவன் பெயர் படத்தின் தொடக்கத்தில் ஒரு நொடி வந்து மறைகிறது. நாம் வாரிய உப்பு பாக்கெட்டுக்குள் போனதும் எந்தக் கம்பெனிப் பெயரில் கடைக்கு வருகிறதோ, அதே கதைதான் இதுவும்!

ஆகவே முதலில் பாட்டுகளைப் பிரித்தெடுத்தோம். இது நாங்கள் நினைத்ததைவிடச் சிரமமான வேலை. அந்தக் காலத்துப் படமென்றால் ஒரே படத்துக்கு நாலைந்து கவிஞர்கள் எழுதியிருப்பார்கள். 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்திலேயே சுரதா இருக்கிறார், முத்துக்கூத்தன் இருக்கிறார். நல்ல பாட்டெல்லாம் பட்டுக்கோட்டையுடையது என்று நாங்கள் எடுத்து வைத்ததில் சில மற்றவர்களுடையவை என்று தெரிந்தது. அன்பு மிகுதியால் செய்த தவறுதான். ஆனாலும் ஒருவர் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதலாமா? திருத்திக்கொண்டோம். 1993-ல் அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஆகையால் தொகுப்புப் புத்தகம் எளிதில் கிடைத்தது. அதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, படங்களை ஆண்டு வாரியாக அடுக்கி, பையனுடைய செல்போனை ஒலிபெருக்கியில் சேர்த்து, ராத்திரி ராத்திரியாகக் கேட்டோம்.

அந்தப் புத்தக வேலையில்தான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. 1930 ஏப்ரல் 13-ல் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பாட்டெழுத வருமுன் என்னென்ன வேலை செய்தார் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். மாடு மேய்த்தல், மாம்பழம் விற்றல், இட்லி விற்றல், முறுக்கு விற்றல், கீற்று வியாபாரம், மீனும் நண்டும் பிடித்தல், தண்ணீர் வண்டி ஓட்டுதல்... இப்படி 17 தொழில்கள். அந்தப் பட்டியலின் நடுவே நிற்கிறது: உப்பளத் தொழிலாளி!

இதைப் படித்துக் காட்டியபோது பாத்தி மிதிக்கிற ஓர் அக்கா எழுந்து உட்கார்ந்தார். “அப்போ அந்தப் பிள்ளைக்கும் கால் வெடிச்சிருக்கும்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கேட்ட விதமே மாறிவிட்டது, தோழர்களே.

இன்னொன்று. இதே புதுச்சேரியில்தான், நம்முடைய பஸ் ரோட்டில் ஒரு மணி நேரத் தூரத்தில், அவர் பாரதிதாசனிடம் தங்கி ‘குயில்’ பத்திரிகை வேலையைப் பார்த்தார். ஜீவாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர், கட்சி மேடையில் பாடியவர், நாடகத்தில் நடித்தவர். சினிமாவுக்குப் பிறகுதான் வந்தார்.

வரிசையாகக் கேட்டால் என்ன தெரிகிறது? முதலில், அவர் எந்தத் தொழிலைத் தொட்டாலும் அதன் உள்ளே நின்று எழுதுகிறார். 1957-ல் வந்த ‘புதையல்’ படத்தில் தறி நெய்கிற பாட்டு ஒன்று வருகிறது. சுசீலா பாடியது. இழையும் இழையும் சேர்வது அந்தச் சொற்களின் ஓசையிலேயே கேட்கிறது. ‘அரசிளங்குமரி’யில் ஏற்றம் இறைக்கிற பாட்டு. இறைத்தவனுக்குத்தான் தெரியும், மூச்சை எங்கே விடவேண்டுமென்று. அந்த இடத்தில் பாட்டும் மூச்சு விடுகிறது. ‘நாடோடி மன்னன்’ படத்தில் நிலத்தைத் திருத்தி விளைய வைத்தவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். பக்கத்தில் நிற்கிற பெண் ஒரே கேள்வியில் அவனைத் தரைக்கு இழுக்கிறாள். விளைந்ததில் நமக்கு மிஞ்சியது என்ன என்பதுதான் அந்தக் கேள்வி. கணக்குக் கேட்கிறவள் பெண்! நம் வீடுகளிலும் அதுதானே நடப்பு?

எல்லாவற்றையும் தலையாட்டிக்கொண்டு கேட்டோம் என்று நினைக்காதீர்கள். சண்டையும் வந்தது. அதே படத்தில், உறங்கிக் கிடக்கிற தம்பியை எழுப்புகிற புகழ்பெற்ற பாட்டு இருக்கிறதே, அதைக் கேட்டதும் ஓர் இளைஞன் சீறினான். “விடியக்காலம் மூணு மணிக்குப் பாத்தியிலே நிக்கிறோம். இங்கே தூங்குறது யாரு அண்ணே? சோம்பேறிங்கிற பட்டத்தையும் நம்ம தலையிலேயா கட்டுறது?” என்றான். நியாயமான கோபம்தான். மில் தோழர் மறுபடி ஓடவிட்டு, கடைசி அடிகளைக் கவனிக்கச் சொன்னார். அங்கேதான் சூட்சுமம். படைவீரன், மாணவன், கடைக்காரன் என்று ஒவ்வொருவர் தூக்கத்தையும் சொல்லிக்கொண்டே வந்து, முடிவில் பொறுப்பில் இருக்கிறவர்களின் தூக்கத்தைப் பிடிக்கிறார். அவர்கள் தூங்குவதால் நாட்டில் எத்தனை வேலை கிடப்பில் கிடக்கிறது என்று இடிக்கிறார். அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறோம், அந்த இடம் வருவதற்குள் நாம் எழுந்து போய்விடுகிறோம்.

1961-ல் வந்த ‘திருடாதே’ பாட்டும் அப்படியே. திருடன் தானாகத் திருந்தினால்தான் உண்டு என்பதுபோல் வருகிற அடியை எல்லாரும் பழமொழியாக்கிவிட்டார்கள். அந்த அடியை எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எடை போடுகிற இடத்தில் ஏமாற்றுகிறவன் திருந்தட்டும் என்று காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகளும் ஏமாறுவார்கள். ஆனால் அதே பாட்டில் மேலே போங்கள். உள்ளதெல்லாம் பொதுவாகிவிட்டால் பதுக்குவதற்கே இடமில்லை என்கிற கருத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதை மேற்கோள் காட்டுகிறவர்களை மட்டும் காணோம்!

காதல் பாட்டுகளைத் தள்ளிவிடலாம் என்று ஆண்கள் சிலர் சொன்னார்கள். பெண்கள் விடவில்லை. 1959-ல் வந்த ‘கல்யாண பரிசு’ படத்துப் பாட்டுகள் முழுவதும் அவர் எழுதியவை, ஏ.எம். ராஜா இசை. அத்தனையும் கேட்டோம். தள்ளச் சொன்னவர்கள்தான் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ராத்திரிதான் கனத்த ராத்திரி. வரிசையில் 1959 அக்டோபர் 8 வந்தது. அவர் இறந்த நாள். வயது 29. பையன் தேதியை வாசித்துவிட்டு நிறுத்தினான். “அவ்வளவுதானா?” என்று ஒருவர் கேட்டார். இல்லை, தோழர்களே! பாட்டு வந்துகொண்டே இருந்தது. 1960-ல் ‘இரும்புத்திரை’, ‘ஆளுக்கொரு வீடு’, 1961-ல் ‘திருடாதே’, ‘அரசிளங்குமரி’. மனிதன் மண்ணுக்குள் போய்விட்டான், அவன் எழுதி வைத்தவை ஒவ்வொன்றாகத் திரைக்கு வருகின்றன! ‘இரும்புத்திரை’ மில் தொழிலாளர் கதை, வாசன் எடுத்த படம். அதில் சம்பளம் கைக்கு வந்த வேகத்தில் மறைந்துபோவதைப் பற்றி ஒரு பாட்டு. சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். மில் தோழர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சம்பள நாள் அவருக்கு நினைவிருக்கிறது. நமக்கு அரசாங்கம் கொடுக்கிற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயும் அரிசிக் கடன், வட்டி, பள்ளிக்கூடப் பீஸ் என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே, அதற்கும் அந்தப் பாட்டே போதும்.

பாப் டிலன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். நம் ஆளுக்குச் சினிமாவில் கிடைத்தது சுமார் ஐந்தே ஆண்டு. அந்த ஐந்தாண்டைக் கேட்டு முடிக்கவே எங்களுக்கு ஒன்பது இரவு பிடித்தது.

குறை ஒன்றும் உண்டு. தறிக்குப் பாட்டு இருக்கிறது, ஏற்றத்துக்கு இருக்கிறது, மில்லுக்கு இருக்கிறது. உப்பளத்துக்கென்று ஒரு பாட்டு, நாங்கள் கேட்டவற்றில் இல்லை. அளத்தில் நின்ற கால் அவருடையது. ஆனால் உப்பளத்தை வைத்துப் படமெடுக்க எந்த முதலாளி அவரிடம் வந்தான்? கேட்டால் எழுதியிருப்பார். இதை நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அக்கா, பாத்தி மிதிக்கும்போது அவருடைய அம்மா பாடியது என்று இரண்டு அடி முணுமுணுத்தார். மூன்றாவது அடி அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கூனிமேட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த அவருடைய தங்கைக்குத் தெரியுமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறோம். நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கியாயிற்று. வரக்கூடியவர்கள் காலை ஏழு மணிக்கு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள்.